படிகள் காத்திருக்கும்

திருவேங்கட மலையில் எப்படியாவது இடம்பெற்றுவிட வேண்டும் என்று ஏங்கியவர் குலசேகராழ்வார். சேர நாட்டு அரியணையைத் துறக்கத் துணிந்த அப்பெருமகனார், அம்மலையின் பொய்கையில் வாழும் குருகாகப் பிறக்க விரும்பினார். சுனையில் நீந்தும் மீனாக, சோலையில் நிற்கும் செண்பக மரமாக, காட்டாறாக ஆகவும் ஆசைப்பட்டார். அடியார்கள் நடந்து செல்லும் வழியாகவே கிடக்கவும் விரும்பினார். நிறைவில், பெருமானின் சந்நிதி வாசலில் ஒரு படியாய்க் கிடக்கும் பேறு கேட்டார். திருமால் ஆலயங்களில் கருவறை வாயிற்படியைக் 'குலசேகரப்படி' என்று இன்றும் வழங்குவது அதனால்தான்.

மலையேறுவதற்கு முன் ஒவ்வொரு முதியவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய பாசுரப் பொருள் இது. ஆழ்வார் வேண்டியவற்றுள் குருகும் உண்டு, மீனும் உண்டு. அசையாத மரமும் உண்டு, காலில்லாத கல்லும் உண்டு. மலையோடு உறவு கொள்ள ஏறித்தான் ஆக வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

காஞ்சிபுரத்தில் வாழும் ஒரு மூதாட்டிக்கு இந்த உண்மை எளிதில் பிடிபடவில்லை. வயது அறுபத்தாறு. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே மகன், ஒன்பது வயதுச் சிறுவன், விஷக்காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தான். பதினோராம் நாள் இரவு அந்தத் தாய், "மகன் பிழைத்தெழுந்தால் அலிபிரியிலிருந்து நடந்து ஏறி, படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டு வருகிறேன்" என்று வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்தான், வேண்டுதல் நின்றுபோயிற்று. மாமியாரின் படுக்கை, மகனின் படிப்பு, கணவரின் பணிமாற்றம், வீடு கட்டிய கடன் என்று ஆண்டுகள் ஓடின. திருமலைக்குப் பலமுறை சென்றார். ஒவ்வொரு முறையும் பேருந்தில். வளைவுகளில் பேருந்து திரும்பும்போதெல்லாம் அவர் கண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

இப்போது முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை. சென்ற ஐப்பசியில் ஒருநாள், "இந்தத் தை மாதம் ஏறாவிட்டால் இனி எப்போதும் இல்லை" என்று கணவரிடம் சொன்னார். எழுபத்தோரு வயதான அந்தப் பெரியவர் தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளமையில் பத்துமுறைக்கு மேல் நடந்து ஏறியவர். "நானும் வருகிறேன், இருவரும் ஏறிவிடலாம்" என்றார் உற்சாகமாக.

அன்று மாலையே அந்த வீட்டில் வாக்குவாதம் தொடங்கியது. மகன் ஒரே சொல்லில் மறுத்தான். தாய் உண்ணாமல் படுத்தார். மறுநாள் மூவரும் அமர்ந்து, முடியும் முடியாது என்ற பேச்சை ஒத்திவைத்து, வழி எப்படிப்பட்டது என்று முதலில் எழுதிப் பார்ப்பது என முடிவு செய்தனர். நடைப்பயணம் எண்ணும் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்கது அது.

வழியை அறிதல்

திருமலைக்கு நடந்து செல்ல இரண்டு வழிகள் உள்ளன. அலிபிரி வழியில் 3,550 படிகள். தொலைவு சுமார் 9 கிலோமீட்டர். சீனிவாசமங்காபுரம் பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். தொலைவு சுமார் 2 கிலோமீட்டர். எண்ணிக்கையைக் கண்டு இரண்டாவது வழி எளிது என்று முதியோர் பலர் எண்ணுவர். தொலைவு குறைந்தால் செங்குத்து கூடும். ஏறவேண்டிய மலை ஒன்றேதான். கோயில் அமைந்திருப்பது கடல் மட்டத்துக்குச் சுமார் 2,800 அடி உயரத்தில்.

அலிபிரி வழியில் முதற்பகுதியே கடுமையானது. பாதாள மண்டபம் எனப்படும் திருவடி மண்டபத்தில் வணங்கித் தொடங்கினால், காளி கோபுரம் வரையுள்ள ஏறத்தாழ 2,000 படிகள் இளைப்பாற விடாமல் ஏறுபவை. அதன்பின் வழி தணிகிறது. மான் பூங்காவும் ஏழாவது மைல் ஆஞ்சநேயரும் உள்ள பகுதியில் சாலையை ஒட்டிச் சமதளமாகவே நெடுந்தூரம் நடக்கலாம். "இனி எளிது" என்று மனம் தளர்ந்திருக்கும் வேளையில், இறுதியில் மோகாளி மெட்டு மீண்டும் செங்குத்தாக எழுகிறது. தெலுங்கில் 'மோகாலு' என்றால் முழங்கால். இம்மலை முழுதும் திருமாலின் திருமேனி என்று கருதிய இராமாநுசர், அதன்மீது பாதம் படக் கூசி முழங்காலால் ஏறினார் என்பது மரபு. அவ்விடத்தில் பாஷ்யகாரர் சந்நிதி இருக்கிறது. கவிஞர் அன்னமாச்சாரியார் சிறுவயதில் காலணியோடு ஏறி, இங்கேதான் களைத்து மயங்கி விழுந்தார் என்றும், அலர்மேல்மங்கைத் தாயாரே தோன்றித் தெளிவித்தார் என்றும் சொல்வர். களைத்து விழுந்தவரைத் தாயார் கடிந்துகொள்ளவில்லை என்பதை முதியோர் நினைவில் கொள்ளலாம்.

காட்டை அறிதல்

படிகளின் இருபுறமும் சேஷாசலக் காடு. 1989இல் இதன் ஒரு பகுதி ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோடையில் இலையுதிர்க்கும் வறண்ட காடு இது. இங்கு நிற்கும் மரங்களுள் தலையாயது செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயல்பாக வளர்வதில்லை. முதலையின் தோல் போல் வெடித்த பட்டை. உள்ளே குருதி நிற வைரம். அந்த வைரக்கட்டை நீரில் இட்டால் மூழ்கும், அத்தனை கனம். சந்தனத்தைப் போல மணமில்லை. அவசரமில்லாமல், பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு முற்றும்.

கொலு வைக்கும் வீடுகளுக்கு இம்மரம் புதிதன்று. திருப்பதியில் வாங்கி, மணப்பெண்ணோடு சீராக அனுப்பும் மரப்பாச்சி இணையைச் செம்மரத்தில் கடைவதே பழைய வழக்கம். காஞ்சிபுரத்து அம்மையாரிடமும் அவருடைய பாட்டியின் மரப்பாச்சிகள் உண்டு. ஆயினும் காட்டில் உதிர்ந்து கிடக்கும் ஒரு சிறாயைக்கூட எடுத்து வரலாகாது; அது சட்டப்படி குற்றம். கற்பூரத்தைப் படிகளில் ஏற்றிவைத்து நகர்வதும் கூடாது. மாசி, பங்குனியில் சருகு காய்ந்திருக்கும். ஒரு பொறி போதும். விளக்கும் கற்பூரமும் சந்நிதிகளோடு நிற்கட்டும்.

காட்டுக்கு உரியவை வேறும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஒரு சிறுமியைச் சிறுத்தை தாக்கிக் கொன்ற துயரம் நிகழ்ந்தது. அதன்பின் சிறுவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. கூட்டமாகச் சேர்ந்தே நடக்குமாறு அறிவுரையும் தரப்பட்டது. பேத்தி பேரன்களை அழைத்துச் செல்வோர் காலையிலேயே ஏறி, அவர்களை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் பெரியவர் நடக்க வேண்டும். உணவுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்குகள் பறிக்கும். பைக்குள் வைத்து மூட வேண்டும்.

உடலை அறிதல்

மூன்றாவதாக எழுதியதே அந்த வீட்டாருக்குக் கடினமாக இருந்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, மூட்டுநோய் போன்றவை உடைய அறுபது வயதைக் கடந்தோரும், இதய நோயாளரும் நடந்து ஏறுவது நல்லதன்று என்று திருமலை திருப்பதி தேவஸ்தானமே 2024இல் அறிவுறுத்தியுள்ளது. ஏறுவோருக்கு இடர் நேர்ந்தால் உதவ 1,500ஆம் படியிலும் காளி கோபுரத்திலும் பாஷ்யகாரர் சந்நிதியிலும் மருத்துவ ஏற்பாடு உள்ளது. மலைமேல் அஸ்வினி மருத்துவமனை இருக்கிறது.

மருத்துவர் அம்மையாரின் முழங்காலை மடக்கிப் பார்த்தார். "வீட்டில் மாடிக்கு ஏறுகிறீர்களா அம்மா?" என்று கேட்டார்.

"வடாம் உலர்த்த நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவேன். பதினெட்டுப் படி."

"அதற்குமேல் வேண்டாம். அந்தப் பதினெட்டையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்."

பெரியவரைச் சோதித்த மருத்துவர் அவருக்கும் அதையே சொன்னார். பத்துமுறை ஏறியவர் என்பதை இதயம் கணக்கில் கொள்ளாது. இன்றைய வயதையே கொள்ளும்.

வீடு திரும்பும் வழியில் மூதாட்டி பேசவில்லை. இரவு, "பதினெட்டுப் படியோடு எந்த வேண்டுதல் நிறைவேறும்?" என்று மட்டும் கேட்டார். பெரியவருக்கு விடை தெரியவில்லை. மறுநாள் அவர், தம் தந்தையார் சொல்லிக் கேட்ட ஒரு வரலாற்றை மனைவிக்கு நினைவூட்டினார்.

பெரிய திருமலைநம்பி திருவேங்கடமுடையானுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்த அடியார். தம் மருமகனான இராமாநுசருக்கு இராமாயணத்தின் உட்பொருளை ஓராண்டு கற்பித்தார். அதற்காக நாள்தோறும் மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கி வந்தார். பாடம் நீளும், உச்சிப்பொழுது வழிபாட்டுக்கு மேலே திரும்ப முடியாது. அந்த ஏக்கம் நம்பியை வாட்டியது. அப்போது பெருமானின் திருவடிகளே அடிவாரத்தில் அவருக்குக் காட்சி தந்தன என்பது மரபு. அலிபிரியில் திருவடி மண்டபம் எழுந்தது அதனால்தான். மலையேறும் அடியார்கள் இன்றும் அங்கே பெருமானின் பாதுகைகளைத் தலையில் தாங்கி வலம் வருகின்றனர்.

"ஏற முடியாத வேளையில் ஏங்கினவருக்கு அவனே இறங்கி வந்தான்" என்றார் பெரியவர். "நீ ஒன்பது படி கீழே இடு. ஒன்பது படி மேலே இடு. ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்து நம் வீட்டு மாடிதான். நடுவே உள்ளவற்றை இடுவதற்கு, யாருக்காக வேண்டிக்கொண்டாயோ அவனுக்கு உரிமை இல்லையா?"

"நீங்கள் ஏறவில்லையா?"

"உன்னைத் தனியே பேருந்தில் அனுப்பிவிட்டு, மேலே போய் நான் எந்தப் பெருமாளைப் பார்க்கப் போகிறேன்?"

ஒருநாள் பயணத்தின் திட்டம்

அதன்பின் அந்த வீட்டில் நடந்தது முழுதும் ஏற்பாடு. நடக்க இருக்கும் குடும்பங்களுக்கு அது பயன்படக்கூடும்.

பருவம்: தை, மாசி மாதங்களைத் தேர்ந்தனர். சித்திரை, வைகாசியில் கல் சுடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படி வழுக்கும். 2021 நவம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவாரி மெட்டு வழியே சிதைந்து, சீரமைத்துத் திறக்க மாதங்கள் ஆயின. புரட்டாசிப் பிரம்மோற்சவக் கூட்டத்தில் நின்று மூச்சு வாங்கவும் இடம் கிடைக்காது.

பயிற்சி: ஏறப்போகும் மகன் பத்து வாரம் முன்பே தொடங்கினான். முதலில் அரைமணி நடை. பின்பு வீட்டு மாடி: நாளுக்கு ஐந்துமுறை, பத்துமுறை என்று வளர்த்து, முப்பதுமுறை வரை. பதினெட்டுப் படி முப்பதுமுறை என்றால் 540. முழு வழியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான் தாய் என்ன வேண்டிக்கொண்டிருந்தார் என்பது மகனுக்கு விளங்கியது.

அனுமதி: தரிசனச் சீட்டு, நடைவழி திறந்திருக்கும் நேரம், சிறுவருக்கான கட்டுப்பாடு ஆகிய மூன்றும் அவ்வப்போது மாறுபவை. புறப்படும் வாரத்தில் தேவஸ்தான அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே முறை. ஆதார் அட்டை அனைவருக்கும் வேண்டும்.

சுமை: பெட்டி, படுக்கைகளை அலிபிரியில் ஒப்படைத்தால் தேவஸ்தானமே கட்டணமின்றி மேலே சேர்ப்பிக்கிறது. கையில் எவர்சில்வர் குப்பியில் நீர், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், வாழைப்பழம், அன்றாட மாத்திரை, சிறு துண்டு ஆகியவை போதும்.

உணவு: வேண்டுதல் என்பதற்காக வெறும் வயிற்றோடு ஏறுவதும், "இன்று ஒருநாள்" என்று மாத்திரையை விடுவதும் தவறு. இரண்டு இட்லியும் மாத்திரையும் விரதத்தைக் கெடுப்பதில்லை.

நடை: பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். மூச்சிரைத்துப் பேச்சு அறுந்தால் உட்கார வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடக்கை வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது வந்தாலும் அங்கேயே அமர்ந்து உதவி கேட்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே" என்ற எண்ணமே மலையில் பெரிய ஆபத்து. இறங்கும்போது முழங்காலுக்கு ஏறுவதைவிட வேதனை மிகும். எனவே திரும்புவது பேருந்தில் என்று முன்பே முடிவு செய்துவிடலாம்.

படிபூசை: மஞ்சளும் குங்குமமும் உலர்ந்த பொடியாக, தனித்தனித் துணிப்பையில் இருக்கட்டும். நீரோ எண்ணெயோ குழைத்துப் பூசினால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார். ஓரமாக ஒரு பொட்டு போதும்.

தை மாதத்து ஒரு வியாழன்

முதல்நாள் இரவு திருப்பதியில் தங்கி, மறுநாள் விடியலில் அலிபிரியை அடைந்தனர். திருவடி மண்டபத்தில் வணங்கிய பின் மூதாட்டி முதற்படியில் கை வைத்தார். கணவர் ஒருபுறம் தாங்க, ஒன்பது படி. ஒவ்வொன்றிலும் மஞ்சள், குங்குமம். ஒன்பதாவதில் நிமிர்ந்து மேலே பார்த்தார். படிகள் மரங்களுக்குள் சென்று மறைந்தன. துணிப்பைகளை மகன் கையில் கொடுத்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் யாரிடமும் கொடுக்காத சுமை அது.

மகன் மஞ்சள் இட்டான். பதினான்கு வயதுப் பேத்தி குங்குமம் இட்டாள். 3,532 படிகள் அவர்களுக்கு மிஞ்சியிருந்தன. தலையேறு குண்டுப் பாறையில் பேத்தி தன் பாட்டியின் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டாள். காளி கோபுரத்தை அடைந்தபோது காலை ஒன்பதரை. மகன் தொலைபேசியில் அழைத்து, "நன்றாக இருக்கிறோம் அம்மா" என்றான். அதன்பின் அழைப்பு இல்லை.

பெரியவரும் மூதாட்டியும் பேருந்தில் மேலேறி, நடைவழி முடியும் இடத்துக்கு வந்து அமர்ந்தனர். பன்னிரண்டு மணிக்கு வருவதாகப் பேச்சு. பன்னிரண்டு கடந்தது, ஒன்று ஆயிற்று. வியர்த்து, "கோவிந்தா" என்று குரல் கொடுத்து ஏறி வந்தவர்கள் ஒவ்வொருவரையும் மூதாட்டி உற்று நோக்கினார். ஒன்றரைக்குமேல் பெரியவரும் எழுந்து நின்றுவிட்டார். மருத்துவமனை முன் காத்திருந்த அந்தப் பதினோராம் நாள் இரவு இருவர் நினைவிலும் வந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் பேத்தியின் தலை தெரிந்தது. பின்னால் மகன், ஒவ்வொரு படிக்கும் குனிந்து நிமிர்ந்துகொண்டு வந்தான். மோகாளி மெட்டில் கால் நடுங்கி ஒரு மணி நேரத்துக்குமேல் அமர்ந்துவிட்டான். பாஷ்யகாரர் சந்நிதியருகே மருத்துவ உதவியாளர் நாடி பார்த்து, கரைசல் குடிக்கச் செய்து, ஓய்வெடுத்த பின்பே எழச் சொன்னார். முன்பே பேசி வைத்தபடி அவனும் "இன்னும் கொஞ்சம்தானே" என்று எழவில்லை.

மேலே ஒன்பது படி இருக்கும்போது அவன் நின்றான். மூதாட்டி கணவரின் கையைப் பற்றி மெல்ல இறங்கினார். மகனிடமிருந்து பைகளை வாங்கினார். அவன் விரல்கள் மஞ்சளேறிக் கிடந்தன. தாய் அந்தக் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்; பின்பு குனிந்து முதல் பொட்டை இட்டார்.

ஏறி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டனர். யாரோ ஒரு தெலுங்கு மூதாட்டி, மொழி தெரியாவிட்டாலும், தாமும் ஒரு பொட்டு இட விரும்பிக் கை நீட்டினார். அவருக்கும் ஒரு சிட்டிகை கிடைத்தது.

"இன்னும் எத்தனை பாட்டி?" என்று பேத்தி கேட்டாள்.

"ஆயிற்று கண்ணே. இது கடைசி."

மறுநாள் காலை முதியோர் வரிசையில் அந்தத் தம்பதியர் தரிசனம் செய்தனர். குலசேகரப்படிக்கு அப்பால் பெருமான் நின்றார். திரும்பும்போது பேருந்தில் மூதாட்டி சன்னலோரம் அமர்ந்தார். வளைவுகளில் இம்முறை அவர் கண்களை மூடவில்லை. செம்மரக் காட்டினூடே படிகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.